பழைய குறைக்குப் புது வீடு காசு கட்டாது: கலிஃபோர்னியா நகராட்சி ஒன்றில் இம்பாக்ட் ஃபீ திருத்திய அனுபவம்

கலிஃபோர்னியாவின் உட்பகுதியில் உள்ள ஒரு நடுத்தர நகரத்தில், பொதுப்பணித் துறையில் வேலை பார்க்கிறேன். புதிதாக வீடோ கடையோ கட்டுபவர்களிடம் நகராட்சி வாங்கும் இம்பாக்ட் ஃபீயைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கணக்குப் போட்டது வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள். அவர்களுக்கும் எங்கள் துறைகளுக்கும் கவுன்சிலுக்கும் பில்டர்களுக்கும் நடுவில் ஓடியது நான். இங்குள்ள நம்மவர்களில் பலர் வீட்டுப் பின்புறத்தில் அப்பா அம்மாவுக்கென்று சின்ன வீடு கட்டுகிறார்கள், சிலர் நகரத் திட்டக் குழுக்களில் உறுப்பினராக இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் இதில் ஏதாவது பயன்படும்.

இந்தக் கட்டணம் ஏன் வந்தது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-இல் கலிஃபோர்னியா மக்கள் புரொபொசிஷன் 13-க்கு வாக்களித்தார்கள். சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று ஆயிற்று. வீடு வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம், நகராட்சிகளுக்குத் திண்டாட்டம். ஊர் விரிந்தால் புதுச் சாலை, பூங்கா, தீயணைப்பு நிலையம் எல்லாம் வேண்டுமே, அதற்குப் பணம்? புதிதாகக் கட்டுபவரே கொடுக்கட்டும் என்று திரும்பினார்கள். இஷ்டத்துக்கு வசூலிக்காதபடி அதற்குக் கடிவாளம் போட்டது 1987-இல் நிறைவேறி 1989 முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 1600 என்ற சட்டம். எதற்காக வாங்குகிறாய், எதில் செலவழிப்பாய், இந்த வகைக் கட்டடத்துக்கும் அந்தச் செலவுக்கும் என்ன சம்பந்தம், இந்தத் தொகை எப்படி வந்தது என்று காட்டச் சொல்கிறது. அந்தச் சம்பந்தத்தை நிறுவும் அறிக்கைக்குப் பெயர் நெக்ஸஸ் ஆய்வு.

எங்கள் நகரத்தின் கடைசி நெக்ஸஸ் ஆய்வு பத்து ஆண்டுகளுக்கு மேல் பழையது. ஒவ்வொரு ஜூலையிலும் கட்டுமானச் செலவுக் குறியீடு எவ்வளவு ஏறியதோ அந்தச் சதவீதத்தைக் கட்டணத்தில் ஏற்றிவிட்டு, அத்தோடு வேலை முடிந்தது என்று இருந்தோம். பல நகரங்களில் இதுதான் நடப்பு. குறியீடு விலையைத்தான் திருத்தும், எதற்கு விலை போட்டோம் என்பதைத் திருத்தாது. அடியில் இருந்த திட்டப் பட்டியலில் ஏற்கனவே கட்டி முடித்த சிக்னல் ஒன்று இருந்தது. யாருக்கும் இனி வேண்டாத சாலை விரிவாக்கம் ஒன்றும் இருந்தது. அவற்றுக்கும் சேர்த்து ஆண்டுதோறும் விலை ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டு விஷயங்கள் எங்களை நகர்த்தின. ஒன்று, 2021-இல் வந்த ஏபி 602 என்ற மாநிலச் சட்டம். நெக்ஸஸ் ஆய்வை எட்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும், கட்டணத்தை உயர்த்துவதானால் பழைய ஆய்வின் அனுமானங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும், 30 நாள் முன்னறிவிப்போடு பொது விசாரணை வைத்து நிறைவேற்ற வேண்டும் என்கிறது. இன்னொன்று, 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷீட்ஸ் எதிர் எல் டொராடோ கவுண்டி வழக்கில் கொடுத்த தீர்ப்பு. தன் நிலத்தில் தொழிற்சாலையில் தயாரான ஒரு வீட்டைக் கொண்டுவந்து வைக்க அனுமதி கேட்டவரிடம் போக்குவரத்துக் கட்டணமாக 23,420 டாலர் வாங்கினார்கள். சபை கூடிச் சட்டமாக நிறைவேற்றிய கட்டணம் என்பதாலேயே அது அரசியல் சாசனச் சோதனைக்குத் தப்பிவிடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தத் தொகை தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. கீழ் நீதிமன்றம் அதைச் சோதித்துப் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் நகர வழக்கறிஞருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மறுவாரமே பழைய ஆய்வின் பிரதியைக் கேட்டு மின்னஞ்சல் வந்தது.

எல்லோரும் கட்டண விகிதத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் யாருக்காவது ஒரே ஒரு யோசனை சொல்ல முடியுமென்றால், வங்கிக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். ஏற்கனவே வாங்கி வைத்திருக்கும் பணம் எவ்வளவு, எந்த ஆண்டு வந்தது, எதற்காக வாங்கியது, இன்னும் ஏன் செலவாகவில்லை. இது தெரியாமல் புதுக் கட்டணம் பேசுவது அபத்தம் மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

ஏன் ஆபத்து என்பதற்கு சான் கிளெமெண்டே நகரத்தின் கதை. கடற்கரையை ஒட்டிய ஊர். உள்ளே தள்ளிப் புது வீடுகள் பெருகினால் கடற்கரைக்கு வரும் கார்களும் பெருகும், நிறுத்த இடம் வேண்டும் என்று 1989-இல் ஒரு கட்டணம் கொண்டுவந்தார்கள். வசூல் நன்றாக நடந்தது. நிறுத்துமிடம் மட்டும் வரவில்லை. ஒரு காலி மனை வாங்கியதோடு சரி. செலவழியாத பணம் ஏன் இன்னும் தேவை என்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நகராட்சி காரணம் காட்டித் தீர்மானம் போட வேண்டும் என்பது சட்டம். இவர்கள் 1989-இல் சொன்ன காரணத்தையே திரும்பச் சொன்னார்கள். வழக்கு வந்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கையில் இருந்த சுமார் 10.5 மில்லியன் டாலரை அந்தந்த வீடுகளின் இப்போதைய உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. பாலோ ஆல்டோவிலும் ஒரு பில்டர் கட்டிய வாகன நிறுத்தக் கட்டணம், ஒன்பது லட்சம் டாலருக்கு மேல், உரிய காலத்தில் அந்தத் தீர்மானம் போடாததால் திரும்பப் போக வேண்டும் என்று 2023-இல் தீர்ப்பு வந்தது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் எங்கள் நிதித் துறைப் பெண்மணியிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு எக்ஸெல் தாளைத் திறந்தார். ஒவ்வொரு கட்டண நிதிக்கும் ஒரு வரிசை, வந்த ஆண்டு, வட்டி, செலவு, மீதி. முதலில் வந்த பணம் முதலில் செலவானதாக வைத்துக் கணக்குப் போட்டார். போக்குவரத்து நிதியில் பிரச்சினை இல்லை. நூலக நிதியில் வயதான பணம் கணிசமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. புது நூலகம் கட்டும் பேச்சு எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டு அனுமதியிலும் நூலகக் கட்டணம் மட்டும் ஒழுங்காகப் பிடிக்கப்பட்டு வந்தது. இருக்கும் நூலகத்தில் கூடுதல் இடம் கட்டுவது என்று முடிவாகி, மீதிப் பணம் எங்கிருந்து எப்போது வரும் என்று தேதியோடு எழுதிக் கவுன்சில் தீர்மானம் போட்ட பிறகுதான் நூலகக் கட்டணத்தைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தோம். அந்தக் கட்டணம் கடைசியில் இறங்கியது. திருத்தம் என்றாலே ஏற்றம் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்தது.

அடுத்தது திட்டப் பட்டியல். உண்மையான சண்டை இங்கேதான். கட்டண விகிதத்தில் நடக்கும் சண்டை இதன் எதிரொலி. பட்டியல் கேட்டு எல்லாத் துறைகளுக்கும் கடிதம் அனுப்பினோம். கல்யாண வீட்டுக்குச் சாமான் லிஸ்ட் எழுதுவது போல எழுதி அனுப்பினார்கள். பழைய காவல் நிலையத்தின் கூரை, ஏற்கனவே ஓடும் தீயணைப்பு வண்டிக்கு மாற்று வண்டி, இருக்கும் பூங்காவில் உடைந்த ஊஞ்சல் எல்லாம் அதில் இருந்தன. பராமரிப்புக்கும் அன்றாட நிர்வாகச் செலவுக்கும் இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. பழையதை மாற்றுவதும் புதியவர்களின் தலையில் விழக் கூடாது. பட்டியலில் பாதி அங்கேயே அடிபட்டது.

மிஞ்சியதில்தான் நுணுக்கம். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு சந்திப்பு இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு இடப்பக்கம் திரும்ப நிற்கும் வரிசை, அதற்கென்று விட்ட பாதையைத் தாண்டி நேராகப் போகும் பாதையையும் அடைத்துக்கொள்ளும். நானும் எங்கள் போக்குவரத்துப் பொறியாளரும் பெட்ரோல் பங்க் ஓரத்தில் நின்று பார்த்தோம். ஒரு பச்சைக்குள் அந்த வரிசை தீரவே இல்லை. வால் பகுதியில் இருந்த வண்டிகள் அடுத்த சிவப்பையும் பார்த்துவிட்டுத்தான் போயின. சந்திப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடுவார்கள். எங்கள் நகரத்தின் கொள்கைப்படி டி-க்குக் கீழே போகக் கூடாது. இது இப்போதே எஃப்.

“அப்படியானால் இதை விரிவாக்கும் செலவு முழுவதையும் புது வீடுகளிடம் வாங்கிவிடலாம், அவசியம் இருக்கிறது பாருங்கள்” என்றார் ஒரு மேலதிகாரி. பொறியாளர் தலையாட்டவில்லை. இப்போதே எஃப் என்றால் அது இருக்கிறவர்களின் குறை. ஒரு புது வீடுகூட வராவிட்டாலும் அந்தச் சந்திப்பைச் சரிசெய்தாக வேண்டும். புதியவர்கள் தங்கள் பங்குக்கு மட்டும்தான் கொடுக்கலாம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: விரிவாக்கச் செலவு 30 லட்சம் டாலர், வரப்போகும் மொத்தப் போக்குவரத்தில் புதுக் கட்டடங்களின் பங்கு 20 சதவீதம் என்றால், கட்டணத்துக்குள் வருவது 6 லட்சம். மீதி 24 லட்சத்தை எரிபொருள் வரிப் பங்கிலோ மானியத்திலோ நகராட்சி தேட வேண்டும். தேடும் வழி தெரியாவிட்டால் அந்தத் திட்டத்தைப் பட்டியலிலேயே வைக்காதீர்கள். 6 லட்சத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு 24 லட்சத்துக்குக் காத்திருப்பதுதான் சான் கிளெமெண்டே வழி.

பூங்காவிலும் இதே கதை. எங்கள் பொதுத் திட்டத்தில் 1,000 பேருக்கு 5 ஏக்கர் பூங்கா என்று அழகாக எழுதியிருக்கும். நிஜத்தில் இருப்பது 3 ஏக்கரைச் சற்றே தாண்டும். புதிதாக வருபவரிடம் 5 ஏக்கர் கணக்கில் வாங்கினால், இருக்கிறவர்கள் தாங்கள் அனுபவிக்காத வசதியை வருகிறவர் காசில் வாங்கப் பார்ப்பதாக ஆகும். இருக்கும் அளவு என்ன, புது அளவு என்ன, ஏன் கூட்டுகிறாய் என்று ஏபி 602 வெளிப்படையாக எழுதச் சொல்கிறது. பூங்காத் துறை வருத்தப்பட்டது. இருக்கும் அளவிலேயே நின்றோம். மனை பிரித்து விற்கும் திட்டங்களுக்குக் குவிம்பி சட்டம் என்று 1965-இலிருந்து தனியாக ஒன்று இருக்கிறது. அதில் 1,000 பேருக்கு 3 ஏக்கர் அடிப்படை, சில நிலைமைகளில் 5 வரை கேட்கலாம். பிரிக்காமல் ஒரே மனையில் எழும் அடுக்குமாடி வாடகைக் குடியிருப்புக்கு அது பொருந்தாது. குவிம்பி சட்டப்படி கேட்பதையும் பூங்கா இம்பாக்ட் ஃபீயையும் ஒரே வீட்டிடம் இரட்டிப்பாகப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கட்டண அட்டவணைகளில் இந்த இரட்டைப் பிடிப்பு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

செலவை மேலே எழுதினால் கீழே எதால் வகுப்பது? எத்தனை வீடு, எத்தனை சதுர அடி கடை வரப்போகிறது என்ற முன்கணிப்பால். யாரும் கவனிக்காத எண் இதுதான், விளையாடுவதற்கு வசதியான எண்ணும் இதுதான். ஒவ்வொரு நகரமும் எட்டு ஆண்டுக்கு எத்தனை வீட்டுக்கு வழி செய்ய வேண்டும் என்று மாநிலம் ஒரு இலக்குக் கொடுக்கிறது. எங்கள் இலக்கு பெரியது. நிஜத்தில் வருடாவருடம் கட்டப்படும் வீடுகள் அதன் பக்கத்தில்கூட வராது. இலக்கால் வகுத்தால் வீட்டுக்கு விழும் கட்டணம் குறைவாகத் தெரியும், பில்டருக்கும் கவுன்சிலுக்கும் சந்தோஷம். ஆனால் அத்தனை வீடு வராது, பணமும் சேராது, திட்டம் பாதியில் நிற்கும், பணம் வயதாகும். ரொம்பக் குறைத்து வகுத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் தலை சுற்றும் தொகை வரும். கடந்த ஆண்டுகளில் கொடுத்த அனுமதிகளின் சராசரியையும், ஏற்கனவே ஒப்புதல் பெற்றுக் காத்திருக்கும் திட்டங்களையும் வைத்துக் கணித்தோம். அதே காலத்துக்குள் கட்ட முடிகிற வேலைகளை மட்டும் மேலே வைத்தோம். மேலே முப்பது ஆண்டுக் கனவு, கீழே பத்து ஆண்டு வீடுகள் என்று இருந்தால் அந்தக் கணக்கு நீதிமன்றத்தில் நிற்காது. சில ஆய்வுகளில் இதை நானே பார்த்திருக்கிறேன்.

சதுர அடிக் கதைக்கு வருவோம். முன்பு எங்களிடம் தனி வீடு என்றால் ஒரே கட்டணம். 1,100 சதுர அடி வீடும் 3,800 சதுர அடி வீடும் ஒரே தொகை கட்டின. 2022 ஜூலைக்குப் பிறகு செய்யும் ஆய்வுகளில் வீட்டுக் கட்டணம் பரப்பளவுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்கிறது ஏபி 602. வேறு அளவுகோல் வைப்பதானால் காரணத்தை எழுதிக் காட்ட வேண்டும். நியாயமான மாற்றம்தான். மூன்று மடங்கு பெரிய வீட்டில் மூன்று மடங்கு ஆட்கள் இருப்பதில்லை என்று பெரிய வீட்டுப் பில்டர் ஒருவர் வாதாடினார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதனால் பரப்பு ஏற ஏறக் குடியிருப்போர் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்ற தரவை வைத்து, ஒரு அளவுக்கு மேல் கட்டணம் ஏறாதபடி உச்சவரம்பு வைத்தோம், அதற்கான காரணத்தையும் ஆய்வில் எழுதினோம். அடுக்குமாடி கட்டுபவர் கூட்டம் முழுக்க வாயே திறக்கவில்லை. அவருடைய கட்டணம் குறைந்திருந்தது. போக்குவரத்துப் பொறியாளர்கள் நாடு முழுக்கப் பயன்படுத்தும் பயணக் கையேட்டின் 11-ஆம் பதிப்பில், மாலை நெரிசல் நேரத்தில் தனி வீட்டுக்கு 0.94 பயணம், தாழ்வான அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு 0.51 என்று இருக்கிறது. பழைய அட்டவணையில் இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி இல்லை.

கவுன்சில் உறுப்பினர்கள் எல்லோரும் தவறாமல் கேட்ட கேள்வி: “பக்கத்து ஊரில் எவ்வளவு?” கேட்பார்கள் என்று தெரியும், அட்டவணை தயாராக இருந்தது. ஆனால் அந்த அட்டவணை மாதிரி ஏமாற்றக்கூடியது வேறில்லை. ஒரு ஊரில் கழிவுநீர் இணைப்புக் கட்டணம் உள்ளே இருக்கும், இன்னொரு ஊரில் அதைத் தனி வாரியம் வாங்கும். ஓர் இடத்தில் வீட்டு உரிமையாளர்கள் ஆண்டுதோறும் சிறப்பு வரியாகக் கட்டுவதை இன்னோர் இடத்தில் முன்பணமாக வாங்குவார்கள். பெர்க்லியில் உள்ள டெர்னர் மையம் என்ற வீட்டுவசதி ஆய்வு அமைப்பு 2018-இல் ஏழு நகரங்களை ஒப்பிட்டு, கட்டணங்களின் மொத்தம் ஊரைப் பொறுத்து நடுத்தர வீட்டு விலையில் 6 முதல் 18 சதவீதம் வரை போகிறது என்று காட்டியது. அவர்களே விவரங்களைத் திரட்டப் பட்ட பாட்டை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஒரே மாதிரி வீடு, 2,000 சதுர அடி, ஒரே மனையளவு என்று வைத்து, யார் வாங்கினாலும் வீட்டுக்காரர் கட்டும் எல்லாத் தொகையையும் கூட்டி ஒப்பிட்டோம். பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்தோம். அதை நகராட்சி வாங்குவதில்லை, பள்ளி மாவட்டம் வாங்குகிறது. 2024 தொடக்கத்தில் மாநிலம் வைத்த அடிப்படை உச்சவரம்பு வீட்டுக்குச் சதுர அடிக்கு 5.17 டாலர். 2,000 சதுர அடிக்கு அதுவே 10,340 டாலர். ஆனாலும் கட்டுபவருக்கு எல்லாம் நகராட்சிக் கணக்கில்தான். திட்டு எங்களுக்கு.

குறைந்த வருமானத்தாருக்கான வீடுகளுக்குக் கட்டணம் வேண்டாம் என்று கவுன்சிலில் இரண்டு பேர் உறுதியாக இருந்தார்கள். செய்யலாம். ஆனால் அவர்கள் கட்டாததை மற்ற வீடுகளின் மேல் ஏற்றிவிட முடியாது. மற்றவர்கள் தங்கள் பங்குக்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. விட்டுக்கொடுக்கும் தொகையை நகராட்சியின் பொது நிதியிலிருந்து நிரப்ப வேண்டும். பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரி எழுதி, எவ்வளவு வீடு வரை தாங்கும் என்று நிதித் துறை எழுத்தில் கொடுத்த பிறகு தள்ளுபடி நிறைவேறியது.

பில்டர்களை எப்போது கூப்பிடுவது என்பதில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு கருத்து இருந்தது. வரைவு தயாரான பிறகு காட்டலாம் என்றார்கள் சிலர். நான் திட்டப் பட்டியலோடு கூப்பிடச் சொன்னேன், விலை எதுவும் போடாமல். அது நல்லதாகப் போயிற்று. போன வருடம் சிக்னல் வைத்த பில்டர் ஒருவர் தன் பில்களோடு வந்தார். எங்கள் பட்டியலில் இருந்த விலை அவர் கொடுத்ததைவிடக் குறைவு. மழைநீர்க் கால்வாய்க்கு நாங்கள் போட்டிருந்த விலையோ அதிகம் என்று இன்னொருவர் காட்டினார். தேசியக் குறியீட்டை மட்டும் நம்பாமல் உள்ளூர் டெண்டர்களில் வந்த விலையைப் பார்க்க வேண்டும் என்பது அன்று அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. பில்டர் சங்கம் கடைசியில் ஆட்சேபக் கடிதம் கொடுக்கத்தான் செய்தது. ஆனால் அதில் தொகைக் கணக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. படிப்படியாக ஏற்றுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

பொது விசாரணையில் ஒரு பெரியவர் எழுந்து, கட்டணத்தை இரட்டிப்பாக்குங்கள், அப்போதாவது இந்தக் கட்டடங்கள் நிற்கும் என்றார். கைத்தட்டல்கூட வந்தது. நகர வழக்கறிஞர் மைக்கை இழுத்து, வளர்ச்சியைத் தடுக்க இந்தக் கட்டணத்தைப் பயன்படுத்த முடியாது, ஆய்வு காட்டும் தொகை உச்சவரம்பு, அதற்குக் கீழே வேண்டுமானால் கவுன்சில் வைக்கலாம், மேலே முடியாது என்று ரத்தினச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். கவுன்சில் முதல் ஆண்டு உச்சவரம்பில் ஒரு பகுதி, பிறகு படிப்படியாக முழுவதும் என்று நிறைவேற்றியது.

நிறைவேற்றியதும் அடுத்த நாளே அமல் கிடையாது. குறைந்தது 60 நாள் கழிய வேண்டும். அந்த இடைவெளியில் அனுமதி கவுண்டரில் கூட்டம் நெரிந்தது. பழைய விலையில் போய்விட வேண்டும் என்று அரைகுறைப் படங்களோடெல்லாம் வந்தார்கள். யாருக்குப் பழைய கட்டணம், யாருக்குப் புதியது என்று ஒரு பக்கத் தாளை முன்கூட்டியே தயாரித்து ஒட்டியிருந்ததால் வாக்குவாதம் குறைந்தது. அதில் முக்கியமான வரி: எஸ்பி 330 சட்டப்படி வீட்டுத் திட்டத்துக்கு முறையான பூர்வாங்க விண்ணப்பம் முழுமையாகக் கொடுத்துவிட்டால், அன்றிருந்த கட்டணம்தான். குறியீட்டின்படி ஏறும் வழக்கமான ஏற்றம் மட்டும் சேரும். தேதி முத்திரையோடு அந்த விண்ணப்பம் இருக்கிறதா என்பதே கேள்வி.

கட்டப்போகிறவர்கள் பக்கம் கொஞ்சம் வருகிறேன். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒரு தம்பி கையில் தட்டோடு பிடித்துக்கொண்டார். “அண்ணா, அம்மாவுக்காகப் பின்னால் ஒரு ஏடியூ கட்டுகிறோம். ஆயிரம் சதுர அடி. கட்டணம் உண்டாமே?” உண்டு என்றேன். ஏடியூ என்பது முதன்மை வீடு இருக்கும் அதே மனையில் கூடுதலாகக் கட்டும் சின்ன வீடு. 750 சதுர அடிக்கு உட்பட்ட ஏடியூவுக்கு நகராட்சி இம்பாக்ட் ஃபீயே வாங்கக் கூடாது. 2020 முதல் அது மாநிலச் சட்டம். அதனால்தான் கவுண்டருக்கு வரும் படங்களில் 749 சதுர அடி அவ்வளவு சகஜம். பெரிதாகக் கட்டினால், முதன்மை வீட்டின் பரப்போடு ஒப்பிட்ட விகிதத்தில் கட்டணம் வரும். முதன்மை வீடு 2,000, ஏடியூ 1,000 என்றால், அந்த முதன்மை வீட்டை இன்று புதிதாகக் கட்டினால் வரும் கட்டணத்தில் பாதி. “அம்மா ஒருத்திக்கு 749 போதாதா?” என்றேன். “மாமியாரும் வருவாங்கண்ணா” என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பில் கையில் வந்ததும் ஒவ்வொரு வரியும் யார் வாங்குவது என்று பாருங்கள். அனுமதிக் கட்டணமும் படம் சரிபார்க்கும் கட்டணமும் வேறு, இம்பாக்ட் ஃபீ வேறு, தண்ணீர் கழிவுநீர் இணைப்பு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி விதிவிலக்கு. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுகிறீர்கள் என்றால், இடித்த வீட்டுக்கான தொகையைக் கட்டணத்தில் கழித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பல நகரங்களில் உண்டு, கேட்காவிட்டால் சில சமயம் விடுபட்டுப்போகும். இடிப்பதற்கு முன் பழைய பரப்பளவுக்கு ஆவணம் எடுத்து வையுங்கள். இடித்த பிறகு நிரூபிப்பது கஷ்டம். தொகை நியாயமில்லை என்று தோன்றினால் கட்டாமல் இழுத்தடிக்க வேண்டாம், வேலை நின்றுவிடும். ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுத்தில், காரணத்தோடு, கட்டணம் விதித்து 90 நாளுக்குள் கொடுத்துவிட்டுக் கட்டலாம், வீட்டு வேலை நடந்துகொண்டே இருக்கும். வழக்குப் போடுவதானால் நகராட்சி அறிவிப்புக் கொடுத்து 180 நாளுக்குள். குடியிருப்புத் திட்டங்கள் சிலவற்றுக்கு, 2025 முதல் எஸ்பி 937 சட்டப்படி, கட்டணத்தின் பெரும்பகுதியைக் குடியேறும் அனுமதி கிடைக்கும் கட்டம் வரை தள்ளிப்போடலாம். கடன் வட்டி இருக்கிற இருப்பில் அது சின்னச் சலுகையில்லை.

நகராட்சிப் பக்கம் இப்போது மிஞ்சியிருக்கும் வேலை ஆண்டறிக்கை. நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதிலிருந்து 180 நாளுக்குள், அதாவது டிசம்பர் 27-க்குள், ஒவ்வொரு கட்டண நிதிக்கும் வரவு, வட்டி, எந்த வேலைக்கு எவ்வளவு செலவு, அந்த வேலையில் எத்தனை சதவீதம் கட்டணப் பணம், அடுத்த வேலை தோராயமாக எப்போது தொடங்கும் என்று வெளியிட வேண்டும். முன்பு இதைப் போன வருட அறிக்கையில் எண்களை மாற்றிப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இப்போது ஐந்தாண்டுக் கெடு நெருங்கும் நிதியை மஞ்சள் கட்டத்தில் காட்டுகிறோம், ஜூலையிலேயே அந்தந்தத் துறைத் தலைவருக்கு அனுப்பிவிடுகிறோம். சென்ற அறிக்கையைப் பற்றிக் கேள்வி கேட்டு இரண்டே இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்று பில்டர் சங்கத்தின் வழக்கறிஞரிடமிருந்து. அந்த நெடுஞ்சாலைச் சந்திப்புக்கான மீதிப் பணம் எந்த நிதியிலிருந்து வரும் என்று கேட்டிருந்தார். மானிய விண்ணப்பத்தின் நகலை அனுப்பி வைத்தேன்.